முதல் ஆர்டர் யார் கொடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், "அகதிகளாக வந்தவர்கள், சிறுபான்மையினர் நடத்தும் சின்னக் கடைகளுக்கு நாம் ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டிருந்தார். இடம் போதாததால் "வாங்குங்கள், காசை உடனே கொடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குத் திட்டியும் தட்டிக்கொடுத்தும் வந்த கடிதங்கள் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. சரி, இந்தத் தடவை பக்கம் முழுக்க அதற்கே. சில கடிதங்களில் எழுதியவரின் விசா நிலவரம், கடன் பாக்கி எல்லாம் இருப்பதால் யார் பெயரும் ஊரும் போடவில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் ஓர் அகதிக் குடும்பம் புதிதாகத் தையல் கடை போட்டிருக்கிறார்கள். உதவ வேண்டும் என்று ஆசை, ஆனால் தர்மம் செய்வது போல் ஆகிவிடுமோ என்று தயக்கமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம் சார்?

பதில்: துணியைக் கொண்டுபோய்க் கொடுங்கள் அம்மா. தைத்த வேலைக்குக் கூலி கொடுப்பதை யாரும் தர்மம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. திறப்பு நாளன்று கூட்டமாகப் போய், போட்டோ எடுத்து, ஆளுக்கு ஒன்று தைக்கக் கொடுத்துவிட்டு அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டாமல் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முதல் வாரக் கூட்டத்தை நம்பி அவர்கள் தவணையில் இன்னொரு மெஷின் எடுத்துவிடுவார்கள், மூன்றாவது மாதம் தவணை கட்டக் கையில் இருக்காது. மாதம் ஒரு பேன்ட்டை மடித்துத் தைக்கக் கொடுக்கும் பத்துப் பேர் போதும், வாடகை தேதி அவர்களைப் பயமுறுத்தாது. அப்புறம், தையல் சரியில்லை என்றால் நேராகச் சொல்லுங்கள். பாவம் என்று "நல்லா இருக்கு" சொல்லிவிட்டு அடுத்த தடவை வேறு கடைக்குப் போகிறோமே, அதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல்; எங்கே பிசகியது என்றே தெரியாமல் கடை காலியாகும். இன்னொன்று, எங்கிருந்து வந்தீர்கள், எப்படித் தப்பினீர்கள் என்று போகும்போதெல்லாம் கதை கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். ரசீது கேளுங்கள். இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நான் பல வருஷம் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவன். அப்படி வந்த ஒரு தையல்காரர் ஒருநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார். கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து, வலமிருந்து இடமாக, அவருடைய மொழியில் எழுதியிருந்தது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு துணித் துண்டு ஸ்டேப்லர் முள்ளில் குத்தியிருந்தது. நீலக் கோடு போட்டது ஒன்று, பழுப்பு ஒன்று, பூப்போட்டது ஒன்று. வாடிக்கையாளர்களின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை, அதனால் துணியை வைத்து ஆளை அடையாளம் வைத்திருக்கிறார். நான் எந்தத் துண்டைத் தொட்டாலும் யார், என்ன அளவு, எவ்வளவு பாக்கி என்று கடகடவென்று சொன்னார், ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் அதில் தேதி கிடையாது, கூட்டுத்தொகை கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போனால் அது வெறும் துணித்துண்டு நோட்டு. நான் செய்ததெல்லாம் கார்பன் வைத்த பில் புக் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்ததுதான். ஆனால் யாரும் ரசீது கேட்காததால் அவரும் முதல் ஒரு மாதம் கிழிக்கவே இல்லை! இரண்டு மூன்று பேர் கேட்க ஆரம்பித்த பிறகுதான் பழக்கம் வந்தது. ஒரு வருஷம் கழித்து அவர் மெஷின் கடன் கேட்டுப் போனபோது, வங்கி மேனேஜர் அவருடைய கதையைக் கேட்கவில்லை, பில் புக்கின் அடிக்கட்டையைத்தான் புரட்டினார்.

கேள்வி: என் நாட்டில் பதினோரு வருஷம் மின்சாதனங்கள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வங்கியில் கேட்டால் "உங்களுக்குக் கடன் வரலாறே இல்லை" என்கிறார்கள். பதினோரு வருஷம் ஒரு பைசா பாக்கி வைக்காதவன் நான். அதை எப்படி நிரூபிப்பது?

பதில்: நிரூபிக்க முடியாது ஐயா, அதுதான் உண்மை. நாட்டை விட்டு வரும்போது உங்கள் கைத்திறன் கூடவே வந்துவிட்டது, உங்களைத் தெரிந்தவர்கள் வரவில்லை. "அவரா, எனக்கு நல்லாத் தெரியும், கொடுக்கலாம்" என்று சொல்ல இந்த ஊரில் ஆள் இல்லை. உங்கள் முதல் வேலை பணம் தேடுவது இல்லை, அந்த ஆளைத் தேடுவது.

ஒரு பழைய கதை சொல்கிறேன். இன்றைய பெலாரஸில் இருக்கும் ஸ்லோனிம் என்ற ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த யூதர் மைக்கேல் மார்க்ஸ். ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மேல் தாக்குதலும் கெடுபிடியும் கூடிய காலம் அது. ஆங்கிலம் அரைகுறை, கையில் ஒன்றும் கிடையாது, மூட்டை தூக்கி வீடு வீடாக விற்றார். லீட்ஸ் நகரத்து மொத்த வியாபாரி ஐசக் டியூஹர்ஸ்ட் அவருக்கு 5 பவுண்டு கடன் கொடுக்க முன்வந்தார். மார்க்ஸ், அந்தத் தொகைக்கு உங்கள் கிடங்கிலேயே சரக்காக எடுத்துக்கொள்கிறேனே என்றாராம். கொடுத்தவருக்குப் பணம் வெளியே போகவில்லை, சரக்கும் விற்றது, வாங்கியவருக்கு வட்டிக்கடைக்குப் போகும் அவசியம் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டினார், மறுபடி எடுத்தார், 1884-ல் லீட்ஸ் சந்தையில் ஒரு மேஜை போட்டார். 1894-ல் அதே டியூஹர்ஸ்டிடம் காசாளராக இருந்த தாமஸ் ஸ்பென்சர் 300 பவுண்டு போட்டுப் பங்காளியாகச் சேர்ந்தார். ஆமாம், அந்த மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்தான். பங்காளி எங்கிருந்து வந்தார் பாருங்கள்: கடன் கொடுத்தவரின் கல்லாவிலிருந்து. மார்க்ஸ் நாள் தவறாமல் கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆள்.

ஆகவே நீங்கள் உதிரிபாகம் வாங்கும் மொத்தக்கடைக்காரரிடம் போய், முதலில் ரொக்கத்துக்கே வாங்குங்கள், மூன்று நாலு மாதம் கழித்து ஒரு வாரத் தவணை கேளுங்கள். ஒரு வாரத்தில் கொடுங்கள், ஆறாவது நாளே கொடுத்தால் இன்னும் நல்லது. அப்புறம் பதினைந்து நாள். ஒரு வருஷம் இப்படி ஓடினால், அந்தக் கடைக்காரரிடம் லெட்டர்பேடில் நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இத்தனை மாதமாக வாங்குகிறார், இவ்வளவுக்கு வாங்குகிறார், பாக்கி இல்லை. வங்கிக்காரர் அதை மட்டும் பார்த்துக் கடன் கொடுத்துவிட மாட்டார். ஆனால் வெறுங்கையோடு போய் உட்காருவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

உங்கள் ஆட்களுக்குள் சீட்டு பிடிக்கும் வழக்கம் இருக்கும். எத்தியோப்பியர்கள் எக்குப் என்பார்கள், சோமாலியர்கள் ஹக்பாத், கொரியர்கள் கே, மெக்சிகோக்காரர்கள் தாண்டா. பெயர்தான் வேறு, நம்ம சீட்டேதான். புலம்பெயர்ந்தவர்கள் போட்ட எத்தனையோ கடைகளுக்கு முதல் பணம் இப்படித்தான் வந்தது. அதில் ஒரு குறை, நீங்கள் ஒழுங்காகக் கட்டியது அந்தச் சீட்டில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். வங்கிப் பதிவில் ஏறாது. முடிந்தால் மாதத் தொகையை வங்கிக் கணக்கு வழியாகவே கட்டுங்கள், குறைந்தது அந்தத் தடயமாவது மிஞ்சும்.

2005-ல் தொடங்கிய கிவா என்ற இணையதளம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் சின்னச் சின்னத் தொகையாகப் போட்டுக் கடன் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் சிறு தொழிலுக்கு அது வட்டியே இல்லாமல் கொடுக்கிறது. ஆனால் அங்கேயும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: முதலில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் சிலர் தங்கள் கைப்பணத்தைப் போட்டுக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் உங்கள் விண்ணப்பம் பொதுவில் போகும். பாருங்கள், சுற்றிச் சுற்றி மறுபடியும் "இவரை யாருக்குத் தெரியும்?" என்ற அதே கேள்விக்கே வந்து நிற்கிறது.

சிறுகடன் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுபவர்களிடமும் கொஞ்சம் ஜாக்கிரதை. வங்கதேசத்தின் கிராமீன் வங்கியும் அதன் நிறுவனர் முகமது யூனுஸும் 2006-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றியது. 2015-ல் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என ஆறு நாடுகளில் செய்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வெளிவந்தன. சிறுகடனால் நன்மை உண்டு, ஆனால் அதுவாகவே ஒரு குடும்பத்தைப் புரட்டிப் போட்டுவிடவில்லை என்பதுதான் சாரம். ஆர்டர் இல்லாத கடைக்குக் கடன் கொடுத்தால் கடன் மட்டும்தான் வளரும்.

கேள்வி: மத நம்பிக்கையால் வட்டிக்குக் கடன் வாங்க மாட்டேன். எனக்கு வழியே இல்லையா?

பதில்: உண்டு. முராபஹா என்று ஒரு முறை: உங்களுக்கு வேண்டிய மெஷினைக் கடன் கொடுப்பவரே வாங்கி, தன் லாபத்தை இவ்வளவு என்று வெளிப்படையாகச் சேர்த்து, உங்களுக்குத் தவணையில் விற்பார். பல நாடுகளில் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள், தவணை தாமதமானால் அபராதம் என்ன என்று. சில இடங்களில் முன்வாசலில் வராத வட்டி கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: அகதியாக இருக்கும் என் நண்பருக்குத் தொழில் பதிவு செய்ய அனுமதி கிடைக்கவில்லை. என் பெயரில் பதிவு செய்து அவர் நடத்தட்டும் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: வேண்டாம். நல்ல மனசோடு கேட்கிறீர்கள், ஆனாலும் வேண்டாம். இதற்குப் பினாமி என்று பெயர். வரி உங்கள் தலையில், உழைப்பு அவர் தலையில். நாளைக்கு உங்களுக்கே ஒன்று ஆகிவிட்டால் உங்கள் வாரிசு வந்து, கடை எங்களுடையது என்பார், நண்பர் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பார்? அதைவிட மோசம், இது வெளியே தெரிந்தால் அவருடைய அகதி விண்ணப்பத்துக்கே ஆபத்தாக முடியலாம்.

முதலில் அனுமதி நிஜமாகவே இல்லையா, அல்லது கவுன்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லையா என்று பாருங்கள். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 18-வது பிரிவு சுயதொழில் பற்றியே பேசுகிறது: சட்டப்படி நாட்டில் இருக்கும் அகதி விவசாயம், கைத்தொழில், வியாபாரம் செய்யவும் நிறுவனம் தொடங்கவும், மற்ற வெளிநாட்டவருக்குக் கிடைப்பதற்குக் குறையாத வாய்ப்பு வேண்டும் என்கிறது. கையெழுத்திடாத நாடுகள் உண்டு, இந்தியாவே அதில் ஒன்று. கையெழுத்திட்டும் இழுத்தடிக்கும் நாடுகளும் உண்டு. உகாண்டாவைப் பாருங்கள், 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அகதிகளுக்கு வேலை செய்யும் உரிமையைக் கொடுத்துவிட்டது. கொலம்பியா 2021-ல் வெனிசுவேலாக்காரர்களுக்குப் பத்து வருஷ அனுமதி அறிவித்தது. அந்தப் பத்து வருஷம் என்பது கடைக்காரனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கடை நடத்தியவர்களுக்குத்தான் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சீட்டை வைத்துக்கொண்டு இருப்பவருக்கு எந்தக் கட்டடச் சொந்தக்காரர் ஐந்து வருஷ வாடகை ஒப்பந்தம் போடுவார்?

அகதிகளுக்கு இலவச சட்ட உதவி தரும் அமைப்பு பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே கூட்டிப் போங்கள். நிஜமாகவே அனுமதி இல்லை என்றால், உங்கள் தொழிலில் அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லை என்றால், உங்கள் வார்டு உறுப்பினரின் வாசலில் போய் நில்லுங்கள். உங்கள் நண்பருக்கு ஓட்டு கிடையாது, உங்களுக்கு இருக்கிறது.

கேள்வி: ஒரு பெரிய நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். சிறுபான்மையினர், அகதிகள் நடத்தும் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். டெண்டர் விட்டோம், ஒருவர்கூடத் தகுதி பெறவில்லை. எங்கள் மேல் தப்பில்லையே?

பதில்: உங்கள் டெண்டர் படிவத்தை அனுப்பியதற்கு நன்றி. படித்தேன். இருபத்தேழு பக்கம்! மூன்று வருஷம் தணிக்கை செய்த கணக்கு வேண்டும், எல்லாக் கிளைக்கும் ஒருவரே சப்ளை செய்ய வேண்டும், பணம் தொண்ணூறு நாளில். சரி, இரண்டு வருஷத்துக்கு முன் இந்த நாட்டுக்கு வந்தவர் மூன்று வருஷக் கணக்குக்கு எங்கே போவார்?

ஐரோப்பிய ஒன்றியம் அரசுக் கொள்முதலுக்கு 2014-ல் போட்ட விதிகளில் உங்களுக்கு இரண்டு பாடம் இருக்கிறது. பெரிய ஒப்பந்தத்தைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரிக்க வேண்டும், பிரிக்கவில்லை என்றால் ஏன் என்று காரணம் எழுதி வைக்க வேண்டும். அடுத்தது, சப்ளை செய்பவரின் வருட விற்றுமுதல் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால், அது பொதுவாக ஒப்பந்த மதிப்பைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. தனியார் நிறுவனமான உங்களை இது கட்டுப்படுத்தாது, ஆனால் காப்பியடிப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. ஒரே ஒரு கிளைக்கு, ஒரே ஒரு பொருளுக்கு, ஆறு மாதத்துக்குச் சின்ன ஆர்டர் ஒன்று போடுங்கள். சீருடை தைப்பது, தரைவிரிப்பு துவைப்பது, நாற்காலி ரிப்பேர், அழைப்பிதழ் அச்சிடுவது, எதுவானாலும் சரி.

அப்புறம் அந்தத் தொண்ணூறு நாள். சின்னக் கடைக்காரர் நூல் வாங்கியதும் ரொக்கம், ஆளுக்குக் கூலி கொடுத்ததும் ரொக்கம், உங்களுக்கு மட்டும் மூன்று மாதக் கடன். உங்களைவிட நூறு மடங்கு சின்ன ஆள், உங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இந்தியாவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஐரோப்பாவில் அரசு அலுவலகங்களுக்கு 30 நாள்தான் பொது விதி. எழுதி வைத்திருப்பதை எல்லாரும் கடைப்பிடிக்கிறார்களா என்றால், அது வேறு கதை. நீங்கள் பத்து நாளில் கொடுத்துப் பாருங்கள், நல்ல தையல்காரர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மேலிடம் எண்ணிக்கை கேட்டால், எண்ணிக்கை காட்ட ஆள் முளைப்பார்கள். பின்தங்கிய நிலையில் இருப்பவர்களின் சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் ஒதுக்கும் அமெரிக்க அரசின் 8(அ) திட்டத்தில், அப்படிப்பட்டவர் குறைந்தது 51 சதவீதம் உடைமையாளராகவும், நிஜமாகவே நடத்துபவராகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள், அதிகபட்சம் 9 வருஷம்தான் அதில் இருக்கலாம். மலேசியாவில் மலாய்க்காரர் பெயரில் உரிமம், பின்னால் வேறொருவர் நடத்துவது என்ற ஏற்பாட்டுக்கு 'அலி பாபா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்கா 2013-ல் சட்டத்தைத் திருத்தி, இப்படிப் பொம்மை முதலாளி வைப்பதைக் குற்றமாகவே ஆக்கியது. ஆகவே காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் பட்டறைக்கு நேரில் போங்கள். காசோலையில் கையெழுத்துப் போடுவது யார், ஆளை வேலைக்கு எடுப்பது யார் என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: நீர் எழுதுவதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. இங்கே பிறந்து வளர்ந்த ஏழை வியாபாரி கடையை மூடிக்கொண்டிருக்கிறான். வந்தவனுக்கு எதற்குச் சலுகை?

பதில்: எரிச்சலைப் புரிந்துகொள்கிறேன், உங்கள் கேள்வியில் பாதி நியாயமும் இருக்கிறது. குருட்டுத்தனமாக ஒதுக்கீடு வைத்தால் அது நிற்காது. அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரம், மாநகர ஒப்பந்தம் எடுப்பவர்கள் அதில் 30 சதவீதத்தைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க வேண்டும் என்று விதி போட்டது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த ஊரில் யாருக்கு என்ன அநியாயம் நடந்தது என்று நகரம் காட்டவில்லை என்பது ஒரு காரணம். யாரெல்லாம் சிறுபான்மையினர் என்ற பட்டியலில் எஸ்கிமோக்கள்கூட இருந்தார்கள், ரிச்மண்டில் எஸ்கிமோக்களுக்கு என்ன அநியாயம் நடந்தது என்பதற்கு ஓர் ஆதாரமும் இல்லை. யாருக்கு எந்த இடத்தில் வழி அடைபட்டிருக்கிறது என்று பார்த்து அதைத் திறக்க வேண்டும், அப்படித் திறந்தால் பெரும்பாலும் உள்ளூர் ஏழை வியாபாரிக்கும் சேர்த்தே திறக்கும். நான் மேலே சொன்ன பத்து நாளில் பணம், சின்ன ஆர்டர், இரண்டு பக்கப் படிவம், இதில் எது உங்கள் ஆளுக்கு வேண்டாம்?

மீதிப் பாதிக்கு வருகிறேன். 1972-ல் உகாண்டாவை ஆண்ட இடி அமீன் அங்கே இருந்த ஆசியர்களுக்கு 90 நாள் கெடு கொடுத்து விரட்டினார். சுமார் 28,000 பேர் பிரிட்டனுக்குப் போனார்கள். அப்போது இங்கிலாந்தின் லெஸ்டர் நகர சபை உகாண்டா பத்திரிகையில் காசு கொடுத்து விளம்பரம் போட்டது, எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று! அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரிந்தது என்று பிற்பாடு சொன்னவர்களும் உண்டு. வந்தார்கள், காலியாகக் கிடந்த கடைகளை எடுத்தார்கள். அன்று வராதே என்ற ஊர், இன்று அவர்களுடைய கடைத்தெருவைக் காட்டித்தான் வெளியூர்க்காரர்களைக் கூப்பிடுகிறது.

வந்தவர்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தில் கொரியர்களின் கடைகள் 2,000-க்கும் மேல் அடிவாங்கின. அதற்குப் பல காரணம் உண்டு, நாலு வரியில் அடங்காது. ஆனால் கடை ஒரு தெருவில், வீடு வேறெங்கோ, வேலையாட்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் என்று இருந்தால், அந்தத் தெருவுக்கும் கடைக்கும் நடுவில் பேச்சுவார்த்தையே இருக்காது. உள்ளூர்ப் பையன் ஒருவனை வேலைக்கு வையுங்கள், கொஞ்சம் சரக்காவது உள்ளூரில் வாங்குங்கள். கென்யாவின் ககுமா அகதிகள் முகாமைப் பற்றி உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. முகாமிலும் பக்கத்து ஊரிலுமாக 2,000-க்கும் மேற்பட்ட கடைகள், வருஷத்துக்கு சுமார் 5.6 கோடி டாலர் புழக்கம். அந்த வறண்ட பிரதேசத்தில் சுற்றுவட்டாரத்து மக்களும் விற்கவும் வாங்கவும் அந்தச் சந்தைக்குத்தான் வருகிறார்கள்.

கேள்வி: எங்கள் அமைப்பு புலம்பெயர்ந்த பெண்களுக்குத் தொழில் பயிற்சி வகுப்பு நடத்துகிறது. 'வணிகத் திட்டம் தயாரிப்பது எப்படி' என்று பன்னிரண்டு வாரம். முதல் வாரம் முப்பது பேர், நாலாவது வாரம் ஐந்து பேர். எங்கே தப்பு?

பதில்: மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆறு மணிக்குக் குழந்தைகளை யார் பார்ப்பார்கள்? அந்த ஐந்து பேருக்கு வீட்டில் மாமியாரோ அக்காவோ இருப்பார்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். வகுப்புக்குப் பக்கத்து அறையில் குழந்தை பார்க்க ஓர் ஆளை உட்கார வையுங்கள், கூட்டம் தானாகத் திரும்பும்.

அப்புறம் அந்த வணிகத் திட்டம்... நான் கணக்கு எழுதிய கடைகளில் வணிகத் திட்டம் எழுதிவிட்டுத் தொடங்கியது ஒன்றோ இரண்டோ, அதில் ஒன்று மூடிவிட்டது. 1975-ல் வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த பெண்கள் கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோவுக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தார்கள். ஹாலிவுட் நடிகை டிப்பி ஹெட்ரன் அவர்களைப் பார்க்கப் போய்வந்தார். என்னென்னவோ தொழில் யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்கள் அவருடைய நகத்தை அதிசயமாகப் பார்த்ததைக் கவனித்தார். தனக்கு நகம் அழகு செய்பவரையே வாரந்தோறும் கூட்டிவந்து இருபது பேருக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். இதில் பாருங்கள், முதலீடு கொஞ்சம், அதிகம் பேச வேண்டாம், கைநேர்த்திதான் முக்கியம். எல்லாவற்றுக்கும் மேல், அவர்களை அழகுக்கலைப் பள்ளியில் சேர்த்து உரிமம் வாங்கவும் உதவினார்கள். வெறும் கைத்தொழிலோடு விட்டிருந்தால் யார் வீட்டிலாவது கூலிக்குத்தான் போயிருப்பார்கள். இன்று அமெரிக்காவின் நக அழகு நிலையங்களில் பெரும்பங்கு வியட்நாம் வம்சாவளியினருடையது.

உங்கள் பன்னிரண்டு வாரத்தில் எட்டு வாரத்தை வெட்டிவிட்டு, ஒவ்வொருவரையும் லைசென்ஸ் அலுவலகத்துக்கு நேரில் கூட்டிப் போங்கள். படிவத்தை அங்கேயே நிரப்புங்கள். சுகாதாரச் சான்று, தீயணைப்புச் சான்று எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒரு பக்கத்தில் அவர்கள் மொழியில் அடித்துக் கொடுங்கள். வகுப்பில் தூங்குபவர்கள்கூட அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: கடை போட்டு நாலு வருஷம். எங்கள் மொழி பேசுபவர்கள் மட்டும்தான் வருகிறார்கள். அதற்கு மேல் வியாபாரம் ஏறவே இல்லை. உள்ளூர் ஆட்கள் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பதில்: முதலில், உங்கள் ஆட்கள் வருவதைக் குறையாக எண்ணாதீர்கள், இந்த நாலு வருஷம் உங்களைத் தாங்கியவர்கள் அவர்கள்தான். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு உங்கள் மேல் வெறுப்பு என்றும் நினைக்க வேண்டாம். பெரும்பாலும் வெட்கம்தான். எதை எப்படிக் கேட்பது, விலை எவ்வளவு, பேரம் பேச வேண்டுமா கூடாதா, ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தில் அசட்டுப் பிசட்டென்று நிற்க யாருக்கும் பிடிக்காது.

மேலே சொன்ன மைக்கேல் மார்க்ஸ் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அவருக்கு விலை சொல்லிப் பேரம் பேசும் அளவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் எல்லாவற்றையும் ஒரே விலைக்குப் போட்டு, 'விலை கேட்காதீர்கள், ஒரு பென்னி' என்று பலகை எழுதி வைத்துவிட்டார். அவருக்குப் பேசத் தெரியாததை மறைக்க வைத்த பலகை, வாங்க வந்தவர்களின் தயக்கத்தையும் சேர்த்துப் போக்கிவிட்டது. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே விலைக்கு விற்க வேண்டாம், ஆனால் ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு ஒட்டுங்கள், இது என்ன, எதற்கு என்று உள்ளூர் மொழியில் ஒரு வரி எழுதுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சர்வதேச போன் கார்டு விளம்பரத்தையெல்லாம் கிழித்துவிட்டு, உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி வையுங்கள். கல்லாவில் வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர் மொழி சரளமாகப் பேசும் பிள்ளை இருக்கட்டும். உங்கள் மகளையே உட்கார வைத்துவிடாதீர்கள், அவள் படிக்கட்டும்.

போர்டு எழுதக் கொடுக்கும் முன் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒருமுறை காட்டுங்கள், பிழை இருந்தால் சொல்லட்டும். எனக்குத் தெரிந்த பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவர் கதவில் மாட்டும் 'திறந்திருக்கிறது – மூடியிருக்கிறது' அட்டையை வாங்கி, 'திறந்திருக்கிறது' என்ற பக்கத்தைத் தனக்குத் தெரியும்படி உள்பக்கமாக மாட்டிவிட்டு, பதினைந்து நாள் உள்ளேயே உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் போன எல்லாரும் அதைப் பார்த்தார்கள், யாரும் உள்ளே போய்ச் சொல்லவில்லை. கடைசியில் பதிவுத் தபால் கொண்டுவந்த தபால்காரர்தான் கையெழுத்து வாங்கிய கையோடு அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டுப் போனார்.